சேலம் விமானத்தைப் பற்றி வண்ணாரப்பேட்டைக்கு என்ன கவலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய ஊர்களின் விமான நிலையங்கள் சேவையில்லாமல் முடங்குவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது அந்தந்த ஊர் எம்.பி.யும் வணிகர் சங்கமும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று சென்னைக்காரர்களாகிய நாம் ஒதுங்கிவிடுகிறோம். பழைய வண்ணாரப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கும் நான் அப்படி ஒதுங்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. விமான வழித்தடம் எதுவானாலும் அதற்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. சேலத்தில் ஒரு முனை அறுந்தால் மறுமுனை அறுவது சௌகார்பேட்டையிலும் எங்கள் தெருவிலும்தான். ஆகவே, சிறு விமான நிலையங்களைக் காப்பாற்றக் குரல் கொடுக்க வேண்டியவர்களில் வடசென்னைக்காரர்களும் அடங்குவர் என்பதே இக்கடிதத்தின் மூலம் நான் சொல்ல வந்தது.

என் தங்கையின் கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு ஆர்டர் தருபவர்கள் சௌகார்பேட்டையின் தங்கசாலைத் தெருவிலும் அதன் சந்துகளிலும் இருக்கும் மொத்த வியாபாரிகள். 2018 மார்ச் 25 அன்று, சிறு ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விட மத்திய அரசு மானியம் தரும் உடான் திட்டத்தின் கீழ் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே விமானம் தொடங்கிய பிறகு, கையோடு கொண்டுவரக்கூடிய ஏழு கிலோவுக்குள் கொலுசுகளைக் கட்டி, பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் விமானத்தில் வரலானார். 2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டை வரை வந்த பின்பு அவருடைய பயணம் இன்னும் எளிதாயிற்று. மீனம்பாக்கத்தில் ஏறி மண்ணடியில் இறங்கினால் நடந்தே கடைக்குப் போய்விடலாம். சரக்கை ஒப்படைத்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வெறுங்கையோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்.

2021இல் அந்த விமானம் நின்றது. அதன் பிறகு அவர் சரக்கோடு வருவதும் அதே இரவு ரயிலில்தான் என்றாயிற்று. பையின் வாரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பையைத் தலைக்கு வைத்து, கண்ணை மூடாமல் படுத்துக் கிடப்பார். விடியும் முன்பே சென்ட்ரலில் இறங்கி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது அந்த வார் அழுத்திய தடம் மணிக்கட்டில் சிவந்திருக்கும். என் மனைவி காபி டம்ளரை நீட்டினால் வலது கையால்தான் வாங்குவார். விமானம் நின்றதில் நஷ்டம் யாருக்கு என்று எவரேனும் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தடம்தான்.

சேலம் காமலாபுரத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993இல். அதிலிருந்து சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. 2009இல் மறுபடி வந்த சேவையும் நிலைக்கவில்லை. 2018இல் வந்தது மூன்றாண்டு ஓடியது. 2023 அக்டோபரில் இப்போதைய சேவை தொடங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தையோ ரேஷன் கடையையோ மூடினால் வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள், ஊர் கூடிக் கேள்வி கேட்கும். சிறு விமான நிலையத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை. சேவை நின்றது எங்களுக்குத் தெரிய வந்தது டிக்கெட் பதிவு செய்யப் போனபோதுதான். விமானம் வராத நிலையத்திலும் தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், ஓடுபாதை ஓரத்துப் புல்லை வெட்ட வேண்டும். வரவு மட்டும் இராது. சில ஆண்டுகள் கழித்து யாராவது ஓர் அதிகாரி கணக்கைப் புரட்டிப் பார்த்து, இது வீண் செலவு என்று குறிப்பெழுதினால் அதை மறுத்துப் பேச அங்கே பயணி என்று ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்.

உடான் திட்டத்தின் அமைப்பே இதற்கு ஒரு காரணம். விமானத்தின் பாதி இருக்கைகளைக் கட்டண வரம்புக்குள் விற்கும் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை, பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள் மீது விதிக்கும் தீர்வையிலிருந்தும் மாநில அரசின் பங்கிலிருந்தும் ஈடுகட்டுகிறார்கள். அதாவது சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பவரும் சேலம் விமானத்துக்குத் தம்மை அறியாமலே ஒரு பங்கு கொடுத்திருக்கிறார். இந்த மானியம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான். அதற்குள் வழித்தடம் தன் காலில் நிற்காவிட்டால் விமானம் வேறு ஊருக்குப் போய்விடும். சேலத்துக்கு அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பகுதி கொரோனா ஊரடங்கிலேயே கழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஆனால் இது சேலத்தின் தனிக் கதையன்று. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் அளித்த அறிக்கையின்படி, உடான் திட்டத்தின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுகளை முழுமையாகக் கடந்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை வெறும் 54. வேலூர் அப்துல்லாபுரத்தில் அதே திட்டத்தின் கீழ் ஓடுபாதையைப் புதுப்பித்தார்கள். சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வேலூருக்கு வருபவர்களோ இன்னும் சென்னையில் இறங்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஓடுபாதை கேட்பாரற்றுப் போவது வடசென்னைக்குப் புதிதன்று. செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. 1970களின் நடுவில், நான் சிறுவனாக இருந்தபோது, என் தகப்பனார் என்னை அங்கே அழைத்துப் போனது விமானம் பார்க்க அல்ல, கார் பந்தயம் பார்க்க. வெயிலும் புழுதியும் எரிந்த எண்ணெய் வாடையும் நினைவிருக்கின்றன. இவ்வளவு அகலமாக இவ்வளவு நேராகச் சாலை போட்டவர் யார் என்று கேட்டதற்கு, ‘பிளேன் இறங்கப் போட்டதுடா’ என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் அமைந்தபின் பந்தயமும் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் பயணிகள் விமானம் விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஏற்ற இடமா என்று தீர்மானிப்பது என்னைப் போன்றவர் வேலையும் அன்று. ஒரு காலத்தில் அது ஓடுபாதை என்பதையே எங்கள் பேட்டைப் பிள்ளைகள் அறியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதே பிரச்சினையை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது நமக்குப் பயன்படும். சிகாகோ நகரின் ஏரிக்கரையில் மீக்ஸ் ஃபீல்டு என்று ஒரு சிறு விமான நிலையம் 1948 முதல் இயங்கிவந்தது. அதை மூடிப் பூங்காவாக்க மேயர் ரிச்சர்ட் டேலி 1996இலேயே முயன்றார். விமானிகளும் பயணிகளும் போராடியதால் 1997இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் 2003 மார்ச் 30 நள்ளிரவில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, மேயரின் உத்தரவின்படி புல்டோசர்கள் புகுந்து ஓடுபாதையைப் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகக் கொத்திப் போட்டன. அங்கே நின்றிருந்த 16 விமானங்கள் கிளம்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டன. நகராட்சிக்கு மத்திய விமானத் துறை விதித்த அபராதம் 33,000 டாலர். ஒரு பெருநகருக்கு அது டீச்செலவு. முப்பது நாள் முன்னறிவிப்பின்றி விமான நிலையத்தை மூடினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தைத் திருத்தியது அதற்குப் பிறகுதான். போன ஓடுபாதை போனதுதான்.

அங்கே வேறு இரண்டு ஏற்பாடுகளும் உள்ளன. மத்திய அரசின் மானியத்தை வாங்கி மேம்படுத்திய விமான நிலையத்தைப் பொதுவாக இருபது ஆண்டுகளுக்கு மூடாமல் நடத்துவதாக உள்ளாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தது மக்கள் தரப்பிலானது. சொந்த விமானம் வைத்திருப்போரும் விமானிகளும் அடங்கிய அவர்களுடைய சங்கம் 1997 முதல், ஒரு நிலையத்துக்கு ஒரு தன்னார்வலர் என்று அமர்த்தி வருகிறது. நகரமன்றக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது, விமான நிலைய நிலத்தின் மீது யாருக்குக் கண் என்று பார்ப்பது, பக்கத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி கேட்டு மனு வந்தால் சங்கத்துக்குத் தெரிவிப்பது ஆகியவைதாம் அவருடைய வேலை. புல்டோசர் வரும் நாளன்று ஓடுவதைவிட மனு வரும் நாளன்று போய் உட்காருவது மேல் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

விமான நிலையத்தை எதிர்ப்பவர்களையெல்லாம் வளர்ச்சியின் எதிரிகள் என்று நான் சொல்லவில்லை. எண்ணூர்ச் சாம்பலையும் மணலி வாயுவையும் கொடுங்கையூர்க் குப்பைப் புகையையும் சுவாசித்து வளர்ந்தவனுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரின் ரீட் ஹில்வியூ நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது; அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் விற்பனையை அந்த மாவட்ட நிர்வாகம் அங்கே நிறுத்திவிட்டது. சான்டா மோனிகா நிலையத்தைச் சுற்றியுள்ளவர்கள் இரைச்சலுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் போராடி, 2028க்குப் பிறகு அதை மூடிக்கொள்ளலாம் என்ற உடன்பாட்டை 2017இல் பெற்றார்கள். அவர்களுடைய குறை உண்மையானது. ஆனால் ஈயம் இருப்பது சிறு பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலில். சேலத்துக்கு வரும் ஏடிஆர் போன்ற பயணிகள் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள், அதில் ஈயம் இல்லை. நம் ஊரில் வாகனப் பெட்ரோலில் ஈயத்தை 2000இல் ஒழித்தோம். அதற்காகச் சாலைகளை மூடவில்லை.

நம் நாட்டில் மூடுவதற்கே ஒப்பந்தம் போட்ட வரலாறும் உண்டு. 2008 மார்ச்சில் ஐதராபாத்தின் பேகம்பேட்டையும், மே மாதம் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையமும் வழக்கமான பயணிகள் சேவையை இழந்தன. புதிய தனியார் நிலையங்களுக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் 25 ஆண்டுகளுக்குப் போட்டி இராது என்று அரசே உறுதி கொடுத்திருந்ததுதான் காரணம். விமான நிலைய ஆணைய ஊழியர்கள் அந்த மார்ச்சில் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆண்டுகள் சில கடந்துவிட்டிருந்தன. ஓசூரில் நிலையம் அமைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் அந்த 150 கிலோமீட்டர்தான் இன்றும் குறுக்கே வந்து நிற்கிறது.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்கும் பரந்தூர் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். சேலம் நிலையத்தை விரிவாக்க 570 ஏக்கர் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகளும் எதிர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாறாக, சிறு நிலையங்களைக் காக்கச் சொல்வதற்கு அவர்களே எனக்கு வலுவான சான்று. ஏற்கெனவே கழனியாக இருந்து கையகப்படுத்திய நிலத்தில் ஓடுபாதை போட்டாயிற்று. அதைச் சும்மா போட்டுவிட்டு அடுத்த ஊரில் அளவுக்கல் நடுவது, முதலில் நிலம் கொடுத்தவரையும் இனிமேல் கொடுக்கப் போகிறவரையும் சேர்த்து அவமதிப்பது ஆகும்.

உபரியாக ஓர் ஓடுபாதை இருப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பர் நினைவிருக்கட்டும். அடையாறு பெருகி மீனம்பாக்கம் நீரில் மூழ்கிப் பல நாள் மூடிக் கிடந்தபோது, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்துதான் பயணிகள் விமானங்கள் பறந்தன. சென்னையைக் கரையேற்றியது அன்று எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஓர் ஓடுபாதை.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் தொகுதி எம்.பி.யின் தலைமையில் ஆலோசனைக் குழு உண்டு. அதன் கூட்டக் குறிப்புகளைத் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சேலம், தூத்துக்குடி போன்ற நிலையங்களின் குழுவில் அந்த வழித்தடத்தின் மறுமுனையில் இருக்கும் சென்னைப் பயணி ஒருவருக்கும் வியாபாரி ஒருவருக்கும் இடம் தர வேண்டும். ஒரு சேவையை நிறுத்துவதற்கு முன்பு நிறுவனம் தொண்ணூறு நாள் அவகாசம் தந்து, காரணத்தைக் குழுவின் முன் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். விமானக் கால அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் மாறுகிறது. சேலத்துக்கு 2018இல் விமானம் வந்ததும் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான். புதிதாக வரும் சேவைகளை முதல் பக்கத்தில் போடும் தாங்கள், அந்த இரு நாள்களுக்கு ஒரு மாதம் முன்பே, தமிழக நிலையங்களில் எந்தெந்தச் சேவை அட்டவணையிலிருந்து விழப்போகிறது என்பதையும் விசாரித்து உள்பக்கத்தில் ஒரு பத்தியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேலத்தின் பெயர் அதில் வந்தால், தங்கசாலைத் தெருவில் எங்கள் மாப்பிள்ளைக்குத் தெரிந்த கடைகளில் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.