பாட்டியும் பெட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிநாடு போகும் பாட்டிகளுக்கு யோசனை சொல்லும் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு வரி: "பாட்டிகளுக்கு இதெல்லாம் புதிது என்பதால் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பேரன் கையில் கொடுத்துவிடுவது நல்லது." என் பேரன் மெல்போர்னில் இருக்கிறான். நான் பெட்டியோடு திருச்சி விமான நிலையத்தில் நிற்பேன். சாவியை எப்படிக் கொடுப்பது என்று கட்டுரையாளரையே கேட்டுச் சொல்லுங்கள்.

பாட்டி என்றால் பொக்கை வாயோடும் வெற்றிலை உரலோடுமே பிறந்தவள் என்பது உங்கள் அலுவலகத்தின் நினைப்பு போலிருக்கிறது. தீபாவளி மலருக்குத் தீபாவளி மலர் அதே சிரிப்புப் படம். உங்களுக்கு முன்பிருந்த ஆசிரியருக்கும் இதைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை. குறுக்கெழுத்தை நிறுத்தியபோதும் எழுதினேன், அதற்கும் இல்லை. சரி, போகட்டும்.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நான் கும்பகோணத்தில் கல்லூரி மாணவி. ஊர்வலத்துக்குப் போகக்கூடாது என்று வார்டன் விடுதியின் வாசற்கதவைப் பூட்டினார். சமையல்கட்டுப் பின்வழியாகப் போனோம். விடுதி நாடகத்தில் எனக்கு எப்போதும் ஆண் வேஷம்தான். ஒட்டிய மீசையோடு ராத்திரி வெளியே வந்து, வாட்ச்மேனையே "யாருய்யா அங்கே?" என்று அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னோடு சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்தவள் இன்று இரண்டு முழங்கால் மூட்டையும் மாற்றிக்கொண்டு யாருக்கோ பாட்டியாக இருக்கிறாள். அவளுக்கும் உங்கள் கட்டுரையை அனுப்பியிருக்கிறேன். அவள் பதிலை அச்சிட முடியாது.

1968இல் கல்யாணமாகி, மாமியாரோடு ரஜூலா கப்பலில் பினாங்கு போனேன். நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பல் கரைக்கு வராது என்பது தாங்கள் அறியாததல்ல. கடலுக்குள் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். எங்கள் டிரங்குப் பெட்டியைக் கயிறு கட்டித் தூக்கி மேலே சேர்க்கும் வரை நான் கண்ணை எடுக்கவில்லை. எங்களுடையது டெக் டிக்கெட், அறை கிடையாது, கப்பல் தளத்திலேயே படுக்கை. ராத்திரி அந்தப் பெட்டிதான் தலைமாடு, பகலில் அதன்மேல்தான் சீட்டாட்டம். மாமியாரும் ஆடினார், ஏமாற்றவும் செய்தார். பூட்டின் வாயில் என் அம்மா ஒரு சொட்டு அரக்கு உருக்கி வைத்திருந்தாள். யாராவது சாவி போட்டிருந்தால் அரக்கு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்குத்தான் இதெல்லாம் புதிதாம்.

இப்போது வரும் பெட்டிகளில் பூட்டு சும்மா பேருக்குத்தான். பால்பாயின்ட் பேனாவின் முனையால் ஜிப்பில் ஓங்கிக் குத்தினால் பல் பிரிந்து பெட்டி வாயைத் திறந்துவிடும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டிய ரன்னரை ஒரு சுற்று இழுத்துவிட்டால் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும். அதனால்தான் ரன்னர் அசையாதபடி அதைப் பெட்டியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது ஜிப்பே இல்லாமல் கிளிப் வைத்த பெட்டி வாங்க வேண்டும். உங்கள் கட்டுரையோ "நல்ல பூட்டாக வாங்குங்கள்" என்பதோடு நின்றுவிட்டது. நின்றிருந்தாலும் பரவாயில்லை, நகையைப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைக்கச் சொல்கிறது! நகையையும் பணத்தையும் செக்-இன் பெட்டியில் போட்டால் பொறுப்பில்லை என்று விமான நிறுவனங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இது எப்படி உங்கள் கண்ணில் படாமல் அச்சேறியது?

சில வருடங்களுக்கு முன் மெல்போர்னிலிருந்து திரும்பும்போது, பேத்திகளுக்கு வாங்கிய ஷூக்களும் சென்ட் பாட்டில்களும் போயின. பூட்டு அப்படியே இருந்தது. விமான நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்கிறான் பேரன், போடவில்லை. கவுன்டரில் இருந்த பையன், "வீட்லயே வெச்சுட்டு வந்திருப்பீங்க பாட்டி, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றான். மூடுவதற்கு முன் எடுத்த படத்தைப் போனில் காட்டினேன். பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னேன். ஏறும்போது போட்ட எடைக்கு இரண்டு கிலோ குறைந்தது. அப்புறம்தான் நான் மேடம் ஆனேன். வெளியே வருவதற்கு முன்பே புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கடிதமும் போட்டேன். பணம் வந்தது, கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

பவர் பேங்கைப் பெட்டிக்குள் போடாதே, கையில் வைத்துக்கொள் என்று பேரனுக்குச் சொன்னவளும் இந்தப் பாட்டிதான்.

நான் கேட்பது ஒன்றுதான். விமானப் பயணத்தில் நேரும் இழப்புக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைபட்டோ பொருள் குறைந்தோ வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், வந்ததிலிருந்து 21 நாள். நாள் தவறினால் ஒரு பைசா பெயராது. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் ஓர் ஓரமாகக் கட்டம் கட்டி, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். நகை விஷயத்தில் திருத்தமும் போடுங்கள். என் சந்தா அடுத்த மாதத்தோடு முடிகிறது, அதற்குள் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மன்னார்குடி.