மே மாத ஊட்டிப் பயணம்: வருகிறவர்கள் முழுதும் படிக்கவும்

நண்பர்களே, இந்தக் கோடைக்கு ஊட்டிதான், நீலகிரி மலையை விட்டால் வேறெங்கும் காண முடியாத நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையைத் தேடிப் போகிறோம். செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம். ஆள் தெரியும் முன்பே புதருக்குள்ளிருந்து கூட்டமாகச் சிரிப்பது போலச் சத்தம் கேட்டுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் இருப்பது வேறு இனம், அதனால் கொடைக்கானலில் சிரிப்பான் பார்த்தாயிற்றே என்று யாரும் நின்றுவிட வேண்டாம். தொட்டபெட்டா சாலையோரச் சோலையில் சுற்றுலா வண்டிகள் மொய்ப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் புல்வெளிப் பக்கம் போய் நீலகிரி நெட்டைக்காலி என்ற இன்னொரு பறவையைத் தேடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இது கூடு கட்டும் காலம், போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று முட்டையை விட்டுவிட்டு வெளியே வந்து அல்லாடும். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். ஸ்வெட்டர் அவசியம். வருகிறவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள்.