ஊசி போட்ட இடம் வீங்கினால் ஒளிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போதைப்பொருள் செய்தி என்றாலே எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல் என்றுதான் படிக்கிறோம். ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

என் தம்பிக்குத் தொடையில் ஊசி போட்ட இடம் வீங்கியது. வெளியே பார்த்தால் உள்ளங்கை அளவு சிவப்புதான். ஆனால் கைலி பட்டாலே துடித்தான். பக்கத்து கிளினிக்கில் நன்றாகத் திட்டிவிட்டு, ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமோ என்று அம்மாவுக்குப் பயம். மஞ்சள் அரைத்துப் பூசினார். ராத்திரி நான் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். விடிவதற்குள் கோட்டைத் தாண்டி நாலு விரல் அகலம் பரவிவிட்டது. நடுவில் தோல் கறுத்து நீர்க்கொப்புளம் வேறு.

அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். தசையைச் சுற்றியிருக்கும் சவ்வில் கிருமி புகுந்து அழுகிக்கொண்டே போகிறதாம். நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். அழுகிய இடத்துக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, வெட்டி எடுத்தே ஆகவேண்டும். மூன்று முறை ஆபரேஷன் செய்தார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான். அந்தத் தொடையில் பெரும் பள்ளம். மற்றக் காலிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் நம் எல்லார் தோலிலும் இருக்கக்கூடியவைதான். துடைக்காத தோலில், பழைய ஊசியில், ரத்த நரம்பு கிடைக்காமல் சதையில் குத்தும்போது அவை ஆழத்துக்குப் போய்விடுகின்றன. நம் மலேசியாவில் 2005இல் ஹெராயின் போன்ற போதைக்குப் பதிலாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுக்கும் சிகிச்சையும் 2006இல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கின. ஊசி கொடுப்பது போதைக்கு உடந்தை என்று கோயில் கூட்டத்தில் பேசக் கேட்டேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படிப் பேசியவர்கள் அந்தத் தொடையைப் பார்க்கவில்லை.

ஆசிரியரே, ஞாயிறு பதிப்பில் ஒரு மூலையிலாவது பெரிய எழுத்தில் போடுங்கள்: பார்வைக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு வலி, காய்ச்சல், மணிக்கு மணி பரவும் சிவப்பு, கறுக்கும் தோல். இதில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். ஊசி போட்டதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓர் அக்காள்,
ஜெலுத்தோங், பினாங்கு