ரீயூனியன்லருந்து ஒரு கடிதம்: புள்ளைங்கள அடிக்கிறதப் பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பத்திரிகை வாசகர் பக்கத்துல ஐரோப்பாவுல புள்ள வளக்குறதப் பத்தி ஒருத்தர் எழுதினத படிச்சேன். அங்கல்லாம் பெத்தவங்க ஒரு அடி அடிச்சா போதும் கவர்மெண்ட் வந்து புள்ளைய தூக்கிட்டுப் போயிடும், அதனாலதான் அங்க பசங்க யாருக்கும் அடங்காம திரியுறாங்க, நம்ம ஊரு முறைதான் சரின்னு முடிச்சிருந்தார். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, நம்ம சனங்க நெறைய பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆனா இத அப்படியே விட்டுட மனசு வரல, ஏன்னா அந்த சட்டத்துக்குக் கீழதான் நான் வாழுறேன், அதுவும் ஐரோப்பா கண்டத்துல இல்ல, இந்தியப் பெருங்கடல்ல.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ரீயூனியன் மொரீசியஸ் பக்கத்துல இருக்கிற தீவு, ஆனா 1946லருந்து பிரான்சோட ஒரு மாவட்டம். பாரிஸ்ல போடுற சட்டம் எங்களுக்கும் சட்டம், கையில இருக்கிற காசு யூரோ, நியாயம் கெடைக்கலன்னா கடைசியா ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரைக்கும் இங்கருந்து போகலாம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்களோட வாரிசுங்கதான் இங்க தமிழ் வம்சாவளியில ரொம்பப் பேரு, வீட்டுல பேசுறது கிரியோல்ங்கிற பிரெஞ்சு கலந்த தீவு மொழி, ஆனா காவடி எடுக்குறாங்க, தீ மிதிக்கிறாங்க. அப்புறம் எங்கள மாதிரி பாண்டிச்சேரி காரைக்கால்லருந்து வந்தவங்க, 2018, 2019ல இலங்கையிலருந்து படகுல வந்து சேர்ந்தவங்க. நான் சேன்-ஆந்த்ரேல ஒரு சங்கத்துல சின்னப் பசங்களுக்குத் தமிழ் எழுதப் படிக்க சொல்லித் தர்றேன்.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், ஏன்னா இதப் பத்தி வாட்ஸ்அப்ல வர்றது பாதி கட்டுக்கதை. பிரான்ஸ்ல 2019 ஜூலை 10ஆம் தேதி சட்டம் வந்துச்சு, சிவில் சட்டத்துல 371-1ஆம் பிரிவுல ஒரு வரி சேத்தாங்க, பெத்தவங்க தங்களோட அதிகாரத்த உடம்பாலயோ மனசாலயோ வன்முறை இல்லாம நடத்தணும், அவ்வளவுதான். அந்த வரிக்குன்னு தனியா ஜெயிலும் இல்ல அபராதமும் இல்ல. இங்க மேரில, அதாவது நகராட்சி ஆபீஸ்ல, கல்யாணத்த பதிவு பண்ணும்போது மேயர் வாசிக்கிற பிரிவுங்கள்ல இதுவும் ஒண்ணு, அதாவது புள்ள பொறக்குறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை பொண்ணு காதுல இது விழணும்னு. காயம் வர்ற மாதிரி அடிச்சா சூடு வெச்சா அது ஏற்கனவே கிரிமினல் குத்தம்தான், 15 வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைய பெத்தவங்களே அடிச்சா தண்டனை இன்னும் கூடும், அது இந்த சட்டம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. ஒரு அடிக்கு புள்ளைய தூக்கிட்டுப் போறதுக்கு வந்த சட்டம் இல்ல இது.

இதையும் பிரான்ஸ் தானா ஆசைப்பட்டு செஞ்சிடல. மனித உரிமைக்காக ஐரோப்பிய நாடுங்க சேர்ந்து நடத்துற ஐரோப்பிய கவுன்சிலோட சமூக உரிமைக் கமிட்டி 2015ல, உங்க சட்டத்துல அடிக்கக்கூடாதுன்னு தெளிவா இல்லையேன்னு சொன்னப்புறமும் நாலு வருஷம் ஆச்சு. மொத மொத செஞ்சது சுவீடன், 1979ல. அவங்க சட்டத்த மட்டும் போட்டுட்டு சும்மா இருக்கல, புள்ளைங்க இருக்கிற வீட்டுக்கெல்லாம் அடிக்காம எப்படி வளக்குறதுன்னு சின்னப் புஸ்தகம் அனுப்புனாங்க, வேற வேற மொழியிலயும் போட்டாங்க, பால் பாக்கெட் மேலயே இந்த விஷயத்த அச்சடிச்சாங்க, காலையில சாப்பாட்டு மேசையில அம்மா அப்பா புள்ள மூணு பேரும் ஒண்ணாப் படிக்கிற மாதிரி. எனக்கு இந்த பால் பாக்கெட் விஷயம் ரொம்பப் புடிக்கும், மிரட்டுறத விட வீட்டுக்குள்ள பேச வெக்கிறதுதான் வேலைன்னு அவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கு. அப்புறம் பின்லாந்து 1983, நார்வே 1987, ஆஸ்திரியா 1989, ஜெர்மனி 2000ன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு.

அதுக்காக ஐரோப்பாவ சொர்க்கம்னு நான் சொல்ல வரல. இங்கிலாந்துல 9 வயசுப் பையன ஒருத்தன, அவனோட மாற்றாந்தகப்பன் தோட்டத்துக் கம்பால திரும்பத் திரும்ப அடிச்சிருக்கார், டாக்டர் தழும்பு எல்லாம் பாத்து எழுதியிருக்கார், ஆனா அங்க ஜூரி அவர விடுதலை பண்ணிடுச்சு, ஏன்னா புள்ளைய கண்டிக்கிறதுக்கு நியாயமான அளவுல அடிக்கலாம்னு அங்க பழைய சட்டம். அந்தப் பையன் கேஸ் ஸ்ட்ராஸ்பர்க் வரைக்கும் போச்சு, 1998ல கோர்ட் சொன்னது என்னன்னா, அடிச்சவர் அரசாங்க ஆளு இல்லன்னாலும் வீட்டுக்குள்ள அந்தக் கொழந்தைய காப்பாத்துற சட்டம் வெச்சிருக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமை, பிரிட்டன் அதுல தவறிடுச்சு. வீட்டுக்குள்ள நடக்கிறது எங்க குடும்ப விஷயம்னு நாம சொல்றோமே, அதுக்கு இத விடத் தெளிவா ஒரு பதில் நான் பாத்ததில்ல. இவ்வளவுக்கப்புறமும் ஸ்காட்லாந்துல 2020லதான் முழுசா தடை வந்துச்சு, வேல்ஸ்ல 2022ல.

இப்ப நம்ம பக்கம் வருவோம். அடியாத மாடு படியாதுன்னு சொல்லியே வளந்தவங்க நாம. இங்க புதுசா வர்ற தாய்மார் கூட புள்ளைய என்கிட்ட விடும்போது, கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர்னு சொல்லிட்டுப் போவாங்க, அன்பாத்தான் சொல்றாங்க, என் புள்ள உங்க பொறுப்புன்னுதான் அர்த்தம் எனக்கும் தெரியும். ஆனா பக்கத்துல நிக்கிற ஆறு வயசுப் புள்ளைக்கு அது அப்படியா கேக்கும்? போர்டுல எழுத சாக்பீஸ் எடுக்க நான் சட்டுன்னு கைய தூக்குனா தலைய குனிஞ்சு ரெண்டு கையாலயும் மறைக்கிற புள்ளைங்க இருக்காங்க, அடிக்கவே அடிக்காத டீச்சர்னு தெரிஞ்சும். அந்தப் புள்ளைங்க தப்பு பண்ணாம இல்ல, தப்ப நல்லா மறைக்கக் கத்துக்கிட்டாங்க, மார்க் ஷீட்ட ஒளிச்சு வெக்கிறது, அப்பா கையெழுத்த தானே போடுறது, அடியால வர்ற ஒழுக்கம் அடிக்கிறவர் அந்தப் பக்கம் திரும்புற வரைக்கும்தான். இன்னும் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, பெரியவங்க உடம்புல கை வெச்சா வாய மூடிக்கிட்டு நிக்கணும்னு நாம புள்ளைக்குப் பழக்கிட்டோம்னா, நாளைக்கு வேற ஒருத்தன் வேற மாதிரி கை வெச்சாலும் அது வாய மூடிக்கிட்டுத்தான் நிக்கும்.

இதப் பத்தி பேச நமக்குக் கூச்சம், ஆனா பேசித்தான் ஆகணும். பிரான்ஸ்ல இதுக்குன்னே வெச்ச கமிஷன் 2023 நவம்பர்ல ரிப்போர்ட் குடுத்துச்சு, வருஷத்துக்கு 1,60,000 கொழந்தைங்க பாலியல் வன்முறைக்கு ஆளாகுறாங்கன்னு அவங்க கணக்கு, மூணு நிமிஷத்துக்கு ஒரு கொழந்த. செய்யிறவன் ரோட்டுல போற முகம் தெரியாதவன் இல்ல, பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருக்கிறவன், சொந்தக்காரன், தெரிஞ்சவன். 2021லருந்து இங்க சட்டம் தெளிவா இருக்கு, 15 வயசுக்குக் கீழ இருக்கிற கொழந்த, தன்னை விட அஞ்சு வயசாவது மூத்த பெரியவங்களுக்கு சம்மதம் குடுத்துச்சுங்கிற பேச்சே கெடையாது, குடும்பத்துக்குள்ளன்னா 18. ஐஸ்லாந்துல 1998ல ஒரு வீடு ஆரம்பிச்சாங்க, போலீஸ் ஸ்டேஷன் ஆஸ்பத்திரி கோர்ட்டுன்னு கொழந்தைய அலைய விடாம, வீடு மாதிரி ஒரே எடத்துல, பயிற்சி எடுத்த ஒருத்தர்கிட்ட கொழந்த நடந்தத சொல்லும், மத்தவங்க பக்கத்து ரூம்லருந்து கேட்டுக்குவாங்க. சொன்னதையே பத்து பேருகிட்ட திரும்பத் திரும்ப சொல்ல வெக்கிறதும் ஒரு கொடுமைதான்னு புரிஞ்சுக்கிட்ட ஏற்பாடு அது, இப்ப ஐரோப்பாவுல பல நாட்டுல இருக்கு. நம்ம ஆளுங்க கிட்ட இந்தப் பேச்ச எடுத்தா மானம் போயிடும், நாளைக்கு அந்தப் பொண்ண யாரு கட்டுவான்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணோட வாழ்க்கைய விட ஊர் பேச்சு பெருசான்னு நான் கேக்குறேன், கோயில் கமிட்டியில இருக்கிற பெரியவங்கள நேராவே கேக்குறேன்.

வாசகர் எழுதின பயத்துக்கு வர்றேன், புள்ளைய கவர்மெண்ட் தூக்கிட்டுப் போயிடும்ங்கிற பயம். இத நான் லேசா எடுத்துக்க மாட்டேன், ஏன்னா இந்தத் தீவுல அது நடந்திருக்கு. 1962லருந்து 1984 வரைக்கும் ரீயூனியன் கொழந்தைங்க 2,015 பேர பிரான்சுக்கு ஏத்தி அனுப்புனாங்கன்னு 2018ல கமிஷன் கணக்கெடுத்து சொன்னது. அப்ப இந்தத் தீவோட எம்.பி மிஷெல் தெப்ரே, முன்னாள் பிரதமர், இங்க சனத்தொகை கூடிப் போச்சு, அங்க கிராமங்கள்ல ஆளு இல்லன்னு சொல்லி நடத்துன திட்டம். நெறையப் பேர க்ரெஸ்ங்கிற மாவட்டத்துல கொண்டு விட்டதால க்ரெஸ் கொழந்தைங்கன்னே பேரு வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத பெத்தவங்க கிட்ட உங்க புள்ள அங்க படிக்கும், லீவுக்கு வரும்னு சொல்லி கைநாட்டு வாங்கியிருக்காங்க. லீவுக்கு வரவே இல்ல. அண்ணன் ஒரு ஊரு தங்கச்சி ஒரு ஊருன்னு பிரிச்சுட்டாங்க, சில பேரு பண்ணையில சம்பளம் இல்லாத வேலைக்காரனா வளந்தாங்க, அம்மா செத்துட்டான்னு நம்பி வளந்து பின்னாடி தெரிஞ்சு ஒடஞ்சு போனவங்க உண்டு. 2014 பிப்ரவரி 18ஆம் தேதிதான் பிரான்ஸ் பார்லிமென்ட், அரசாங்கம் இதுல தார்மீகப் பொறுப்புல தவறிடுச்சுன்னு தீர்மானம் போட்டுச்சு. விமான நிலையத்துல இதுக்கு நினைவுச் சின்னம் இருக்கு, ஊருக்குப் போகும்போதெல்லாம் அதக் கடந்துதான் போறேன்.

அதனால இங்க ஒரு வயசான அம்மா சோஷியல் வொர்க்கர பாத்து கதவ சாத்துனா நான் அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கதையிலருந்து நான் எடுத்துக்கிறது வேற. அன்னிக்கு அந்தக் கொழந்தைங்க கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல, பெத்தவங்களுக்குப் புரியுற மொழியில யாரும் சொல்லல. கொழந்தைக்கு உரிமை இருக்கு, அது பேச்சக் கேக்கணும்ங்கிற எண்ணமே அங்க இல்ல. 1989 நவம்பர் 20ஆம் தேதி ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தம் வந்ததே இந்த மாதிரி அரசாங்கத்த தடுக்கவும்தான், அதுக்கு அரசாங்கம் கட்டுப்படணும், பெத்தவங்க அடிக்காமலும் கொழந்தைய காப்பாத்தணும். இப்ப இங்க புள்ளைய வீட்டுலருந்து எடுக்கணும்னா குழந்தைங்களுக்கான நீதிபதி முன்னாடி போகணும், பெத்தவங்க வக்கீல் வெச்சுக்கலாம், முடிஞ்ச வரைக்கும் புள்ளைய அது இருக்கிற எடத்துலயே வெச்சு வீட்டுக்கு உதவி பண்ணணும்னு சிவில் சட்டத்துலயே எழுதியிருக்கு. அதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னா, இல்ல. அரசாங்கப் பொறுப்புல எடுத்த புள்ளைங்கள ஹோட்டல் ரூம்ல தங்க வெச்ச கொடுமைய நிறுத்த 2022ல ஒரு சட்டம் தேவைப்பட்டுச்சு, 2025 ஏப்ரல்ல பார்லிமென்ட் விசாரணைக் கமிட்டி இந்தத் துறையோட ஓட்டைய எல்லாம் எடுத்து வெச்சிருக்கு. சரி பண்ண வேண்டியது அந்த ஓட்டைங்களத்தான், அதுக்காக புள்ளைய அடிக்கிற உரிமைய திருப்பிக் குடுன்னு கேக்க முடியாது.

இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு ஒத்து வராதுன்னும் சொல்றாங்க. இந்தியா அந்த ஐ.நா. ஒப்பந்தத்துல 1992லயே சேர்ந்தாச்சு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு, பள்ளிக்கூடத்துல அடிக்கவும் கூடாது மனசு நோகப் பண்ணவும் கூடாதுங்குது. நம்மாளுங்க தலமுறை தலமுறையா இருக்கிற தென்னாப்பிரிக்காவுல 2019ல அரசியல் சட்ட கோர்ட், பெத்தவங்க வீட்டுல அடிக்கிறதுக்கு இருந்த சலுகைய ரத்து பண்ணிடுச்சு, மொரீசியஸ்ல 2020ல குழந்தைகள் சட்டம் போட்டுத் தடுத்துட்டாங்க.

ஐயா, இங்க எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் மொழி. இலங்கையிலருந்து வந்த குடும்பங்கள்ல புள்ளைங்கதான் மொதல்ல பிரெஞ்சு கத்துக்குது, ஆபீஸுக்குப் போனாலும் டாக்டர்கிட்ட போனாலும் பள்ளிக்கூடத்துல டீச்சர பாத்தாலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கிறது அந்தப் புள்ளதான். முதுகுல காயம் என்னன்னு டீச்சர் கேட்டா பதில் சொல்ல வேண்டியதும் அதே புள்ள, பக்கத்துல நிக்கிற அப்பாவுக்கு அந்தக் கேள்விய தமிழ்ல சொல்ல வேண்டியதும் அதே புள்ள. அது எப்படி உண்மைய சொல்லும்? வயசு வந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் அங்க இருக்கணும், சொந்தக்காரரா இருக்கக் கூடாது. எங்க சங்கத்துல இத எழுதிக் குடுத்திருக்கோம், விடாம கேட்டுக்கிட்டே இருப்போம்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. புள்ளைய அடிச்சு வளத்தத பெருமையா சொல்ற துணுக்கு, பிரம்ப வெச்சு ஜோக்கு, இதெல்லாம் இனி போடாதீங்க. அப்புறம் நவம்பர் 20ஆம் தேதி வர்ற இதழ்ல கட்டம் கட்டி தமிழ்ல போடுங்க: கொழந்தைங்களுக்கான உதவி போன் நம்பர் பிரான்சுலயும் ரீயூனியன்லயும் 119, ராத்திரி பகல் எப்ப வேணா போன் பண்ணலாம், காசு கெடையாது, போன் பில்லுல அந்த நம்பர் வராது, கொழந்தையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம், கோபத்துல கை ஓங்கிடுவோமோன்னு பயப்படுற அம்மா அப்பாவும் கூப்பிட்டு உதவி கேக்கலாம். ஐரோப்பாவுல வேற பல நாட்டுல 116 111. இந்தியாவுல 1098. அந்தப் பக்கத்த வெட்டி எங்க வகுப்புலயும் கோயில் அன்னதானக் கூடத்துலயும் ஒட்டுறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு தமிழ் டீச்சர்,
சேன்-ஆந்த்ரே, ரீயூனியன்