ஷவர் சுவருக்கு எந்தப் பலகை?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள கயலுக்கு, அப்பா எழுதுகிறேன்.

உன் பாத்ரூம் வேலையைப் பற்றி நீ அனுப்பிய போட்டோவை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். டைல்ஸ் நிறம் நன்றாக இருக்கிறது. ஆனால் என் கண் போனது, பின்னால் சாய்த்து வைத்திருக்கும் பச்சை ஜிப்சம் பலகை மேல்தான். அதைத்தான் ஷவர் சுவருக்கு அடிக்கப்போகிறார்கள் என்றால், கொஞ்சம் நிறுத்தச் சொல்லம்மா.

பச்சைப் பலகை ஈரக்காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். வாஷ்பேசின் பக்கம் போதும். தினமும் தண்ணீர் நேராக விழும் இடத்தில் அது நிற்காது. உள்ளே இருப்பது ஜிப்சம்தானே, ஊறிக்கொண்டே இருந்தால் மாவாகிவிடும். மேலே டைல்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதே. டைல்ஸ் வழியாகப் போகாத தண்ணீர், இடுக்கில் அடைக்கும் கிரவுட் வழியாகப் போகும்.

நம் மாடி பாத்ரூம் நினைவிருக்கிறதா? நீ பன்னிரண்டாவது படித்தபோது கட்டியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள், பக்கத்து அறையில் அம்மா கட்டிலுக்குப் பின்னால் பெயின்ட் கொப்பளித்தது. விரலால் தட்டினால் உப்புப் பூத்த பூச்சு பொலபொலவென்று கொட்டும். கடல்காற்று என்றுதான் நினைத்தேன். டைல்ஸைப் பெயர்த்தபோதுதான் தெரிந்தது, சுவரும் தரையும் சேரும் மூலையில் வாட்டர்ப்ரூஃப் பூச்சே இல்லை. குழாய் வெளியே வரும் துளையைச் சுற்றி என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. மேஸ்திரி அதை வெள்ளை சிமென்டால் மூடியிருந்தார். நமக்காவது செங்கல் சுவர், ஓதம் ஏறினாலும் தாங்கியது. உன்னுடையது மூன்றாம் மாடி, மரத்தளம், கீழே இன்னொரு குடும்பம்.

சிமென்ட் போர்டு போடலாம். அது அழுகாது, உப்பாது. ஆனால் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் விட்டுவிடும். அதனால் மேலே ரப்பர் மாதிரி காயும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் கட்டாயம் வேண்டும். பலகையும் கனம்.

நான் சொல்வது ஃபோம் போர்டு. நடுவில் எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி ஃபோம், இரண்டு பக்கமும் வலை வைத்த மெல்லிய சிமென்ட் பூச்சு. நம்மூர் தெர்மோகோல் என்று எண்ணிவிடாதே, இது வேறு. இதற்குள் தண்ணீர் இறங்காது. கத்தியால் அறுக்கலாம். லிஃப்ட் இல்லாத உங்கள் படிக்கட்டில் மாப்பிள்ளையே தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். விலை கூடத்தான், இருந்தாலும் வாங்கு. குறைகிற பணத்தை நான் தருகிறேன்.

ஒன்று மட்டும் கவனி. பலகை நல்லதாக இருந்தாலும் இரண்டு பலகை சேரும் இடமும், ஸ்க்ரூ தலையும், குழாய்த் துளையும் திறந்துதான் இருக்கும். அங்கெல்லாம் அந்தக் கம்பெனியின் டேப்பும் சீலன்டும் போடச் சொல். பின்னால் இருக்கும் சட்டங்கள் 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக இருக்கட்டும். 10 மில்லிமீட்டர் டைல்ஸ் ஒரு சதுர மீட்டருக்கே 20 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

தரைக்கு வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார். அப்புறம் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்து, கீழ்வீட்டு மேற்கூரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வா.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நாலு மூலையையும் போட்டோ எடுத்து அனுப்பு. இப்போது உங்களுக்குக் கோடை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பீர்கள். அங்கே இரவு பத்து என்றால் இங்கே ஒன்றரை. பரவாயில்லை, விழித்திருந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா