ரத்தம் கொடுக்க நம்மவர்களும் வேண்டும்

அன்பு உறவுகளே,

கடும் தலசீமியா (உடலில் ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். இங்கே பிரித்தானியாவில் அவர்களில் பலர் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள். ஏ, பி, ஓ மட்டும் பொருந்தினால் போதாது; ரத்தத்தின் மற்ற நுண்வகைகளும் பொருந்தாவிட்டால், ஏற்றிய ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை உடல் உருவாக்கிவிடும். ஒரே வம்சாவளியினரிடம்தான் நெருங்கிய பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். நாம் கொடுக்காமல் யார் கொடுப்பது?

எடுப்பது 470 மில்லி. ‘எனக்கு ரத்தம் குறைவு’ என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், விரல் நுனியில் குத்திப் பார்த்துச் சொல்வார்கள். ஆண்கள் 12 வாரத்துக்கு ஒருமுறை, பெண்கள் 16 வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அண்மையில் இந்தியா போய் வந்தவர்கள், மலேரியா உள்ள இடங்களுக்குப் போய் வந்தால் சில காலம் காத்திருக்கும் விதி இருப்பதால், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு சுகாதாரச் சேவை) ‘கிவ் பிளட்’ செயலியில் பதியலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் இங்கே எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.