வெள்ளிக்கிழமை காலை என் தம்பி எங்கே போவான்?

மலேசியாவில் மனநலத்துக்கும் போதை மறுவாழ்வுக்கும் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

செபராங் பிறையில் எங்கள் பிளாட் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில், தண்ணீர்மலை முருகன் படம் போட்ட காந்தத்தின் கீழே ஒரு சீட்டு தொங்குகிறது. மனநல கிளினிக், காலை 8 மணி, ஐசி (அடையாள அட்டை) கொண்டு வரவும். என் தம்பி வார்டிலிருந்து வீடு திரும்பிய நாளுக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே 11 வாரம். 77 நாள். நாள்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சம்சு, அந்த மலிவுச் சாராயம், எங்கள் வீடுகளை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைக் காலத்திலிருந்து பேசி ஓய்ந்த கதை அது. அம்மா போன பிறகு தம்பிக்குக் குடி அதிகமானதா, அதற்கு முன்பே மனசு உடைந்து அதை மறைக்கக் குடித்தானா என்று டாக்டர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

முதல் தடவை ஆறு நாள் வார்டில் இருந்தான். மூன்றாம் நாள் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான். இல்லாத எறும்பு. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தான். "பத்திரமா வச்சுக்கக்கா" என்றான். நானும் கையை மூடி வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய? குடியைத் திடீரென்று விட்டால் உடம்பு இப்படித்தான் திருப்பி அடிக்கும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும், உயிரே போகலாம் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ஊசி போட்டார்கள், வைட்டமின் ஏற்றினார்கள், ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் மிஸ்ஸிகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வார்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை வார்டின் வாசலில் தொடங்குகிறது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, வார்டில் இருந்த ஒரு சின்ன வயசு டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளைதான், பாரத்தின் பின்பக்கத்தில் பேனாவால் ஓர் ஏணி வரைந்து காட்டினார். மேல் படி வார்டு. கீழ்ப் படி கிளினிக், எப்போதாவது வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவது. நடுவில் இரண்டு மூன்று படிகள். தங்கி இருக்கும் இல்லம். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வரும் பகல் சிகிச்சை. வாரத்தில் சில நாள், சில மணி நேரம் போய்வருவது. அமெரிக்காவில் போதை நோய்க்கான மருத்துவச் சங்கம் இதற்கு மணிக்கணக்கே வைத்திருக்கிறதாம். வாரம் 9 மணி நேரத்துக்குக் குறைந்தால் சாதாரண கிளினிக், 9 முதல் 19 வரை அதற்கு அடுத்த படி, 20-க்கு மேலே போனால் பகல் மருத்துவமனை. ஆளின் நிலைமையைப் பார்த்து ஏற்றுவார்கள், இறக்குவார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, "நடுவுல உள்ளது நம்ம பக்கம் கம்மிக்கா" என்றார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு என் தம்பி குதிக்க வேண்டும். அந்தக் கீழ்ப் படியும் 77 நாளுக்குப் பிறகுதான் வரும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வார்டை விட்டு வந்த ஒரு வாரத்துக்குள், அவன் காலையில் போய் உட்கார ஒரு பகல்நேர இடம் வேண்டும். குடியையும் மனசையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கிற இடம்.

கேட்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பகல்நேர மனநல மையம் ஒன்றுக்கு போன் போட்டேன். "குடி கேஸா? முதல்ல குடிய நிறுத்தி மூணு மாசம் ஆகட்டும்" என்றார்கள். போதை மறுவாழ்வு இடம் ஒன்றில் கேட்டேன். "இது டாடா இல்லையே" என்றார்கள். டாடா என்றால் போதைப்பொருள். சரிதான், 1983-இல் வந்த மறுவாழ்வுச் சட்டம் போதைப்பொருளுக்காக வந்தது, சம்சுவுக்காக வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி சிரித்தான். "கஞ்சா அடிச்சிருந்தா எடம் கெடச்சிருக்குமாக்கா?" என்றான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது, அதனால் திட்டவில்லை.

தனியார் இல்லத்திலும் விசாரித்தேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று அரசாங்கமே நிர்ணயித்திருக்கிறது. அவர்கள் ஒரு மாதத்துக்குக் கேட்டது அதைப் போல மூன்று மடங்கு. சாமி பாட்டுப் பாடிக் குடியை நிறுத்தும் இல்லம் ஒன்றையும் ஒருவர் சொன்னார். நல்ல மனிதர்கள்தான். ஆனால் டாக்டர் கிடையாது. அந்த எறும்புகளைப் பார்த்தவள் நான், டாக்டர் இல்லாத இடத்தில் விட மனசு வரவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு இருந்த வருட லீவு ஏழு நாளையும் எடுத்தேன். எட்டாம் நாள் வேலைக்குப் போயாக வேண்டும். தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ் போகும் கம்பெனி பஸ், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு. நான் கிளம்பும்போதே தம்பி எழுந்து, முகம் வழித்து, சட்டையை உள்ளே விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். "எங்கடா கெளம்பிட்ட?" என்று கேட்டேன். "தெரியலக்கா. எங்கயாவது போவணும்ல?" என்றான். கீழே இருப்பது ஒரு காப்பிக்கடை. அதற்குப் பக்கத்துக் கடையில் சம்சு போத்தல் அடுக்கி வைத்திருக்கிறது. ஒரு வாரம் காப்பிக்கடையோடு திரும்பி வந்தான். உண்மையாகவே வந்தான். 16-ஆம் நாள் பக்கத்துக் கடைக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போத்தலைப் பிடுங்கிக் கழிவறையில் ஊற்றினேன். மறுநாள் வேலைக்குப் போகையில் வாசல் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் சொல்லி வைத்தேன். அவர் கம்பி வழியாக அவனுக்குக் காப்பி கொடுத்தாராம். நான் வீட்டில் ஒரு ஜெயில் வைத்திருந்தேன், ஐயா. வார்டனும் நானே, சமையல்காரியும் நானே.

திங்கள் மத்தியானம் ஆண்ட்டி போன் செய்தார். தம்பி கூடத்தில் விழுந்து வெட்டி வெட்டி இழுக்கிறான், வாயில் ரத்தம், கிரில் பூட்டியிருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பாலம் தாண்டி நான் வந்து சேர்வதற்குள் பொம்பா, அதாவது தீயணைப்புக்காரர்கள், பூட்டை வெட்டி உள்ளே போயிருந்தார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அந்த ஆண்ட்டி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் ஹொக்கியன்காரர், அவன் பெயர் அவர் வாயில் சரியாக வராது. அப்படியும் நிறுத்தாமல் கூப்பிட்டாராம்.

அவசரப் பிரிவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் பூட்டினீங்க?"

நியாயமான கேள்விதான். தினமும் குடிப்பவனுக்குக் குடியை ஒரேயடியாக நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், ஒவ்வொரு தடவை விட்டு விட்டு நிறுத்தும்போதும் அந்த ஆபத்து கூடும், வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது என்று அன்றுதான் விளக்கினார்கள். போத்தலைப் பிடுங்கியது தப்பு. பூட்டியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது, "மறுபடி குடிச்சா நீங்களா நிறுத்தாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வரி தமிழிலோ மலாயிலோ அந்தச் சீட்டில் எழுத எத்தனை சொட்டு மை செலவாகும்? பதில் சொல்ல வேண்டாம். கோபத்தில் கேட்டது.

இப்போது மறுபடி வார்டில் இருக்கிறான். வியாழக்கிழமை அனுப்பிவிடுவார்களாம். புது அப்பாய்ன்மென்ட் சீட்டு எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்கள், "பழைய தேதி இன்னும் இருக்கே, அதுவே போதும்."

ஐஸ்பெட்டிக் கதவில் தொங்குகிறதே, அந்தச் சீட்டு. அது இன்னும் செல்லும்.

காசு இல்லை, ஆள் இல்லை என்பீர்கள். டாக்டர்களுக்கு எத்தனை வேலை என்று வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தவள் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த நடுப்படியைக் கட்டத் தெரியாத நாடு அல்ல இது. ஹெராயின் பழக்கத்துக்கு 2005-லிருந்து மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கிறீர்கள். ஆரம்பத்தில் தினமும் காலையில் கிளினிக்குக்கு வர வேண்டும், மிஸ்ஸி முன்னால் நின்று குடிக்க வேண்டும், நிலைமை தேறினால் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த மருந்து சம்சுவுக்கு ஆகாது, அது எனக்கும் தெரியும். மருந்தை விடுங்கள். தினமும் அவன் முகத்தை ஒருவர் பார்க்கிறார், இன்று வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. நான் கேட்பது அதைத்தான். வந்த காலத்தில் அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அரசாங்கம் செய்து காட்டியது. சமூக மனநல மையம் என்பதும் என் கற்பனை இல்லை, 2001 மனநலச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதன் கதவைக் குடிகாரனுக்கும் திறந்து விடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் சனத்தையும் சும்மா விடுவதற்கில்லை. சொந்தக்காரர்களுக்கு இரண்டே இடம் தெரியும். ஒன்று வீடு. இல்லாவிட்டால் தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் கட்டிய அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரை இன்னும் வசவாக வைத்திருக்கிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கியில் தலைவர்கள் பெயரை ஏலம் விடுகிறோம். ஒரு பந்தல் செலவில் நாலு பேர் ஒரு மாதம் பகலில் உட்கார ஓர் அறை வாடகைக்குக் கிடைக்காதா? நம் தலைவர்களோ சாவு வீட்டுக்குத் தவறாமல் வருகிறார்கள். கொஞ்சம் முன்னாடி வந்தால் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு அக்டோபர் 10-ஆம் தேதியும் மனநல நாள் என்று பலூன் கட்டுகிறீர்கள், டீ-சட்டை கொடுக்கிறீர்கள், நடைப்பயணம் போகிறீர்கள். கிளினிக் சுவரில், "மனம் விட்டுப் பேசுங்கள், நாங்கள் இருக்கிறோம்" என்று மூன்று மொழியில் பேனர் தொங்கியது. எங்களுக்கு 77 நாள் கழித்துப் பேச வரச் சொன்ன கவுண்டருக்கு நேர் மேலே. தமிழில் ஒற்றுப் பிழை இருந்தது, அதைக்கூட விட்டுவிடலாம்.

மன்னிக்கவும். எழுத வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். நல்லதும் செய்கிறீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நிறுத்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் எடுத்துவிட்டீர்கள். தம்பி மாதிரி ஆட்களின் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். அதைச் செய்தவர்களால் இதையும் செய்ய முடியும் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய கட்டடம் வேண்டாம். இருக்கிற ஏதாவது ஒரு கிளினிக்கின் மாடியில் ஓர் அறை போதும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து நாலு வரை. மருந்து கொடுக்க ஒரு மிஸ்ஸி, பேச ஓர் ஆள், அந்த ஆளுக்குத் தமிழும் தெரிந்தால் புண்ணியம். அவன் மலாய் நன்றாகப் பேசுவான். அம்மாவைப் பற்றிப் பேச மட்டும் வேறு மொழி வராது.

தயவுசெய்து அந்த ஓர் இடத்தைத் திறந்து விடுங்கள். நாளைக்கே முடியாது என்பது புரிகிறது. அதுவரைக்கும், வியாழக்கிழமை வார்டிலிருந்து வருகிற என் தம்பி வெள்ளிக்கிழமை காலை முகம் வழித்து, எண்ணெய் வைத்து நாற்காலியில் உட்காரும்போது, அவனை எங்கே போகச் சொல்லட்டும் என்று மட்டும் பதில் எழுதுங்கள். ஐந்தே முக்காலுக்கு எனக்கு பஸ். வெட்டின பூட்டு அடுப்படி டிராயரில் கிடக்கிறது. புதுப் பூட்டு இன்னும் வாங்கவில்லை.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
செபராங் பிறை, பினாங்கு